பிறவாதவர்களின் கடன்

செய்தவன் அனுபவிப்பான் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில், சைவசமயப் பாடத்தில், வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்து மனப்பாடம் பண்ணினோம். மூன்றும் செய்த உயிரையே தொடரும். தகப்பனுடைய வினை மகனில் ஏறாது. பாட்டனுடைய வினை பேரனைத் தேடி வராது. அந்தப் பாடத்தை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் நான் செய்யும் வேலை, அந்த நம்பிக்கையிடம் ஒரு கேள்வியைக் கேட்டபடியே இருக்கிறது. இங்கே, இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள் தாங்கள் தோண்டாத சுரங்கங்களிலிருந்து நீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்களை ஒருநாளும் சூடேற்றாத நிலக்கரிக்காக இறைக்க வேண்டும். அதற்குக் கெடு எதுவும் இல்லை.

நான் ஒரு நீர் ஆய்வுகூடத்தில் பணி செய்பவள். மூடிய சுரங்கங்களிலிருந்து மேலே இறைக்கும் நீரின் மாதிரிகள் போத்தல்களில் எங்களிடம் வரும். உப்பு, இரும்பு, பேரியம், சல்பேற்று எவ்வளவு என்று அளந்து பதிவோம். புதிதாய் எடுத்த நீர் எங்கள் ஊர்க் கிணற்று நீரைப்போலத் தெளிந்திருக்கும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் போனால் இரும்பு பழுப்பாய் அடியில் படியும். ஆழத்திலிருந்து வருவது சில வேளை கடல்நீரைவிடக் கரிக்கும். இன்னொன்றையும் தேடுகிறோம்: பிசிபி என்ற நச்சு இரசாயனம். நிலத்துக்கடியில் இயந்திரங்களுக்கு விட்ட ஐதரோலிக் எண்ணெயில் அது ஒரு காலத்தில் இருந்தது. எண்ணெய் விட்டவர்கள் ஓய்வுபெற்று, பலர் இறந்தும் போனார்கள். அந்த எண்ணெயின் சுவடு நீரோடு மேலே வருகிறது.

ஏன் இறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக இந்த நிலத்தின் அடியிலிருந்து கரியை எடுத்தார்கள். எடுத்த இடம் இடிந்து அமிழ, மேல்நிலமும் கூடவே இறங்கியது. எஸ்ஸன் நகரில் சில இடங்கள் 25 மீற்றர்வரை தாழ்ந்திருக்கின்றன. வீடும் பாடசாலையும் தேவாலயமும் இரயில் பாதையும் அப்படியே கீழே போயின. மெல்லப் போனதால் அங்கே வாழ்ந்தவர்களுக்குப் போவதே தெரியவில்லை. ஆறுகளுக்கு இருபுறமும் கரை கட்டி உயர்த்தியதால் இன்று பல இடங்களில் ஆறு மேலேயும் ஊர் கீழேயும் இருக்கின்றன. பம்பிகளை நிறுத்தினால் இந்தப் பிரதேசத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஏரியாகிவிடும். இலட்சக்கணக்கானோர் வாழும் நிலம் அது. கீழேயும் அதே கதைதான். சுரங்கநீர் தன்போக்கில் ஏறினால் குடிநீர் தரும் படுகைகளை உப்பாக்கும்.

கடைசிச் சுரங்கமான பொட்ரொப் நகரின் புரொஸ்பர்-ஹனியல், 2018 டிசம்பர் 21ஆம் திகதி மூடப்பட்டது. தொழிலாளர் கடைசிக் கரித்துண்டை மேலே கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஸ்ரைன்மையரின் கையில் கொடுத்தார்கள். 1957ஆம் ஆண்டளவில் ஜேர்மனி முழுவதும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் செய்த தொழில் அன்றோடு முடிந்தது. ஆனால் நீருக்கு அந்தத் திகதி தெரியாது.

இதைத் தெரிந்துதான் 2007இல் ஓர் அறக்கட்டளையை உண்டாக்கினார்கள். சுரங்க நிறுவனத்தின் சொத்தும் அதன் இரசாயனத் தொழிலும் அறக்கட்டளையின் முதலாயின. அந்த முதலின் வருமானத்தில், 2019இலிருந்து, மூன்று வேலைகள் நடக்கின்றன: சுரங்கநீரை இறைத்தல், தாழ்ந்த நிலங்களின் மேல்நீரை இறைத்தல், பழைய கரிச்சூளைகள் இருந்த இடங்களில் நஞ்சேறிய நிலத்தடி நீரைச் சுத்தம் செய்தல். முதல் ஆண்டுகளில் இதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கோடி யூரோ தேவைப்படும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பணம் போதாமல் போனால் மாநில அரசுகள் பொறுப்பு என்று ஒப்பந்தமும் இருக்கிறது. எத்தனையோ அரச ஆவணங்களை என் வேலையில் புரட்டியிருக்கிறேன். "என்றென்றைக்கும்" என்ற காலக்கெடுவோடு பட்ஜெட் போட்ட ஆவணத்தை இங்கேதான் கண்டேன். கோயிலுக்கு வெளியே மனிதர் இப்படி ஒரு வாக்குக் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததேயில்லை.

கோயிலுக்குள் கொடுத்தார்கள். சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகளை நிவந்தமாக விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆட்டை ஏற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். குட்டி பிறந்து எண்ணிக்கையை நிரப்பும். ஆகவே மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை என்பது கணக்கு. சந்திரரும் சூரியரும் உள்ளவரை விளக்கு எரியும். முதல் குறையாது, பலன் மட்டும் செலவாகும். எஸ்ஸனில் அறக்கட்டளையின் கணக்காளர் போடும் கணக்கும் இதே கணக்குத்தான். ஆட்டுக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம்.

ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. என் கேள்வி அங்கேதான் கிளம்புகிறது. நந்தாவிளக்கு வைத்தவர் புண்ணியம் நாடி வைத்தார், வைக்காமலும் இருந்திருக்கலாம். ரூரில் பம்பியை வைக்காமல் இருக்க முடியாது. விளக்கு தானம், பம்பி கடன். இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த விளக்குகளில் பெரும்பாலானவை அணைந்து போயின. ஆடு தீர்ந்ததால் அணைந்தன என்று நான் நினைக்கவில்லை. ஆட்டைக் கணக்குப் பார்த்த ஊர்ச்சபை போனது, நெய் அளந்த குடும்பம் இடம்பெயர்ந்தது, கல்வெட்டை வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனார். முதலீடு தானாக நித்தியத்தைத் தாங்காது. அந்த ஊரில் ஆள் இருக்க வேண்டும். அவர்களுக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இருக்க வேண்டும்.

நலிந்த பிரதேசங்களுக்குப் பொதுப்பணம் கொடுப்பதை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். கரியும் உருக்கும் போன பிறகு ரூருக்கு வந்த பணத்தைப் பற்றி இங்கே ஓயாத வாக்குவாதம். எவ்வளவு கொடுத்தோம், எத்தனை வேலை உண்டாயிற்று, இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் பிரதேசம் கை நீட்டும் என்பார்கள். கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற தோரணை அந்தப் பேச்சில் இருக்கிறது. 2008இல் நோக்கியா போஹும் நகரத் தொழிற்சாலையை மூடி ருமேனியாவுக்குப் போனபோது, பெற்ற மானியம் என்னாயிற்று என்று நாடே கோபப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து பலர் பிழையான முடிவுக்குப் போனார்கள்: மானியம் என்றாலே வீண் என்று. நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது அந்த நிறுவனத்தோடு போனது. நிலத்துக்கும் நீருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தது இங்கேயே நிற்கிறது.

எம்ஷர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் நிலத்தடிக் குழாய்கள் உடையும். அதனால் நூறாண்டுக்கு மேல் அந்த ஆற்றையே திறந்த கழிவுக் கால்வாயாக ஓடவிட்டார்கள். பிள்ளைகள் கிட்டப் போகாதபடி வேலி போட்டிருந்தது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அமைதியடைந்த பிறகு, 1992இல் மாற்றத் தொடங்கினார்கள். டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன்வரை 51 கிலோமீற்றருக்கு நிலத்தடியில் பெருங்குழாய் போட்டார்கள். ஏறத்தாழ 550 கோடி யூரோவும் முப்பது ஆண்டும் செலவாயின. நகரசபைகளும் தொழிற்சாலைகளும் கட்டணம் கட்டியதோடு மாநிலமும் ஐரோப்பிய ஒன்றியமும் கைகொடுத்தன. இன்று ஆற்றில் கழிவு விழுவதில்லை. கிளையோடை ஒன்றில் தப்பிக் கிடந்த ஒரு சிறு மீனினம் மறுபடியும் பரவத் தொடங்கியிருக்கிறது. இதை யாராவது ரூருக்குப் போட்ட பிச்சை என்றால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். இரண்டு உலகப் போருக்கும், போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனியின் செழிப்புக்கும் எரிந்தது இந்த நிலத்தின் கரி. செழிப்பு நாடு முழுதும் பரவியது. கழிவு இந்த ஆற்றில் தங்கியது.

இனி வினைக்கு வருகிறேன். சைவசித்தாந்தத்தின்படி வினை செய்த உயிரைச் சேரும். அப்படியானால் ரூரின் கெல்சன்கிர்சன் நகரில் அடுத்த நூற்றாண்டில் பிறக்கும் பிள்ளைமேல் இந்தச் சுமை எந்த நியாயத்தில் ஏறுகிறது? அது முற்பிறப்பில் சுரங்க முதலாளியாக இருந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. அது விளக்கம் மாதிரி இருக்கும். உண்மையில் கேள்வியை மூடும் கதவு. வினைக் கோட்பாடு ஓர் உயிருக்குத் தன் துன்பத்தை விளங்கிக்கொள்ளச் சொன்னது. மற்றவருக்கு நான் வைத்துவிட்டுப் போகும் சுமையை நியாயப்படுத்துவதற்கு அதை எடுத்தால் அது பாவம்.

இங்கே பொருந்துவது வேறொன்று. மனிதன் கடனோடு பிறக்கிறான் என்று வேதநூல்கள் சொல்கின்றன: தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, பிதிர்களுக்கு. சதபத பிராமணம் மற்ற மனிதருக்கும் கடன் உண்டு என்று நாலாவதைச் சேர்க்கிறது. இந்தக் கடன் எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. சம்மதித்துக் கையொப்பம் வைக்கவும் இல்லை. பிறந்ததாலேயே கடனாளி. இளவயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. கீரிமலையில் ஆடி அமாவாசைக்கு அப்பா தன் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்வார். எள்ளும் நீரும் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பேன். அப்பா பதில் சொல்வதில்லை. பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டே இருந்தார். பிதிர்க்கடன் முன்னோருக்குப் பட்ட கடன். அதைத் தீர்ப்பது பிள்ளை வளர்ப்பில் என்று நூல்கள் சொல்வதை வெகுகாலம் கழித்துத்தான் வாசித்தேன். வாங்கியது ஒருவரிடம், கொடுப்பது இன்னொருவருக்கு. இந்தக் கடனின் இயல்பே அது. சுரங்கத்தில் நுரையீரல் கறுத்து இறந்தவருக்கு நாம் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருடைய ஊரில் இனிப் பிறக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ரூருக்கு வெகுதூரம் இல்லாத மொன்சன்கிளாட்பாக் நகரில் 1903இல் பிறந்தவர் ஹான்ஸ் யோனாஸ் என்ற மெய்யியலாளர். யூதர். 1933இல் நாட்டை விட்டுப் போனவர். அவருடைய தாய் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவர் 1979இல் ஜேர்மன் மொழியிலேயே பொறுப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார் என்பது என்னை எப்போதும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பொறுப்புக்கு அவர் கொள்ளும் மூலவடிவம் பச்சைக் குழந்தைக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவு. குழந்தை எதையும் பதிலுக்குத் தருவதில்லை. அதன் இருப்பே நம்மைக் கட்டுகிறது. பிறவாதவருக்கும் அவ்வாறே என்கிறார். நான் அவரோடு பாதித்தூரம் போகிறேன். குழந்தை கண்முன் கிடக்கிறது, அழுகிறது. ஐந்நூறு ஆண்டுக்குப் பின் வருபவர் அழுவது எனக்குக் கேட்காது. அங்கே அன்பை நம்பியிருக்க முடியாது. சடங்கு வேண்டும், சபை வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும். எங்கள் ஆட்கள் திதியை நாட்காட்டியில் குறித்து வைத்தது பாசம் போதாததால் அல்ல. பாசம் மறக்கும் என்று தெரிந்ததால்.

என் மகள் ஒருமுறை கேட்டாள்: "அம்மா, நாங்கள் இந்தக் கரியைத் தோண்டவில்லையே. நீங்கள் அகதியாய் வந்தனீங்கள். எங்கட வரிப்பணம் ஏன் இதுக்குப் போகவேணும்?" அவளுக்கு ஊரில் எங்கள் பங்குக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். வற்றாத ஆறு இல்லாத சுண்ணக்கல் நிலம் யாழ்ப்பாணம், கிணறுதான் எல்லாம். காணி வாங்கினால் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதுவார்கள். பங்கு கிடைத்தவருக்குக் கிணறு இறைத்துச் சேறு அள்ளும் முறையும் வரும். நான் வெட்டாத கிணறு என்று ஒருவரும் சொல்வதில்லை. ஹம் நகரில் எங்களுக்கு வீடு கிடைத்தது, அவளுக்குப் படிப்புக் கிடைத்தது. எங்களுக்கு முன்னே 1961 தொழிலாளர் ஒப்பந்தத்தின் பின் துருக்கியரும் 1963இலிருந்து கொரியரும் வந்து அடியில் இறங்கி வெட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார்கள். டாற்றல்ன்-ஹம் கால்வாய் 1914இல் திறந்தது. அதில் ஓடியது பெரும்பாலும் கரிப்படகு. இன்று ஹம் நகரின் ஊன்ட்ரொப் பகுதியிலுள்ள கோயிலின் காமாட்சி அம்பாளுடைய தீர்த்தம் அந்தக் கால்வாயில்தான் நடக்கிறது. தாயின் தீர்த்தத்துக்கு அந்த நீரை எடுத்துக்கொண்டு, அந்த நிலத்தின் சுமை எங்களுக்கில்லை என்று எப்படிச் சொல்வேன்?

ரிஷிக்கடனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதைத் தீர்ப்பது கற்றலால். எனக்கு அதுதான் அன்றாடச் சோறு. அந்தக் கற்றலுக்கு நிதி தரும் ஏற்பாடு ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

1951இல் பாரிசில் ஆறு நாடுகள் நிலக்கரி, உருக்குச் சமூகத்தை உண்டாக்க ஒப்பந்தம் செய்தன. ஒன்றையொன்று அழித்த நாடுகள், ஆயுதம் செய்யும் மூலப்பொருளைப் பொதுவில் வைத்தன. ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுக்கு. 2002 ஜூலை 23 அன்று காலாவதியானது. கரி, உருக்கு ஆலைகள் கட்டிய தீர்வையில் சேர்ந்த பணம் மிஞ்சியது. அதைப் பங்கு பிரித்துக்கொள்ளாமல் முதலாக வைத்து, அதன் வருமானத்தில் கூட்டு ஆய்வு நடத்துவது என்று தீர்மானித்தார்கள். கரிக்கு 27.2 வீதம், உருக்குக்கு 72.8 வீதம். ஒப்பந்தம் இறந்த பிறகும் பணம் வேலை செய்கிறது. இப்போது கரிப் பங்கின் நோக்கம் கரி எடுப்பதிலிருந்து மாறி, மூடிய சுரங்கத்தைப் பராமரிப்பதற்குத் திரும்பியிருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டு ஆய்வில் போலந்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் சக பணியாளர் வருவார்கள். எங்கள் நீரும் அவர்களுடைய நீரும் வேறு வேறு, கேள்வி ஒன்று. ஸ்பெயினின் அஸ்தூரியாஸில், மியரெஸ் ஊரில், நீர் நிறைந்த பழைய சுரங்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்து ஆஸ்பத்திரியையும் பல்கலைக்கழகக் கட்டடத்தையும் சூடேற்றுகிறார்கள். நெதர்லாந்தின் ஹேர்லன் நகரில் 2008இலேயே ஐரோப்பிய நிதியோடு இதைத் தொடங்கினார்கள். போஹும் நகரிலும், கார் ஆலை இருந்து மூடிய நிலத்தில், அடியிலுள்ள பழைய சுரங்கத்தின் நீரைக்கொண்டு புதிய கட்டடங்களுக்குச் சூடும் குளிரும் தருகிறார்கள். சுமையாய் வந்த நீர் கொஞ்சம் பலனும் தருகிறது. ஒரு நாடு தனியே கண்டுபிடித்து ஒளித்து வைத்திருந்தால் மற்ற நாட்டின் பிள்ளைகள் அதே பிழையை மறுபடி செய்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் கடலுக்கு அருகே திறந்தே கிடக்கின்றன. அவற்றுக்கு யாரும் நிவந்தம் எழுதவில்லை. அதை நினைக்கும்போது இங்கே அளந்த அறிவு அங்கேயும் போக வேண்டும் என்று ஏங்குகிறேன்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடமாட்டேன். கடன் நித்தியம், அதை ஆராய்வதற்குக் கொடுக்கும் நிதியோ மூன்று, நான்கு ஆண்டுக்கு. அறிக்கை கொடுத்ததும் திட்டம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த இளையவர் வேறு வேலைக்குப் போவார். அளவீட்டுத் தொடர் அறும். அடுத்த திட்டம் வேறு பெயரில், வேறு மாதிரி எடுக்கும் இடங்களோடு தொடங்கும். நீர்மட்டம் ஒன்று மாறுவதைப் பார்க்கப் பத்து ஆண்டு போதாது. புதுமை உண்டா என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தில், நேற்று அளந்ததையே நாளையும் அளக்கப் போகிறேன் என்று எழுத இடமில்லை. இந்தக் கடனுக்கு வேண்டியதோ அதுதான்.

பிறவாதவரிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆகையால் புதிதாக இன்னொரு முடிவில்லாக் கடனை எழுதாமல் இருப்பது முதல் மரியாதை. அம்பாள் கோயில் இருக்கும் அதே ஊன்ட்ரொப் பகுதியில், பொதுப்பணம் பெருமளவு கொட்டிக் கட்டிய தோரிய அணு உலை ஒன்று சில ஆண்டு மட்டும் ஓடி 1989இல் கைவிடப்பட்டது. இன்றும் பூட்டிக் கிடக்கிறது, பிரிக்கவில்லை. அதுவும் விஞ்ஞான ஆய்வுதான். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் செய்த ஆய்வு.

அடுத்து, இருக்கும் சுமையைக் குறைப்பது. சுரங்கநீரை முன்புபோல் அடியாழத்தில் பிடித்து வைக்காமல், மேலே ஏறவிட்டு, குறைந்த இடங்களில் மட்டும் இறைப்பது என்பது இப்போதைய திட்டம். மின்சாரம் மிச்சம், செலவு குறைவு. ஆறுகள் சிலவற்றில் உப்பு விழாமலும் போகும். குடிநீர்ப் படுகைக்கும் ஏறும் சுரங்கநீருக்கும் இடையில் 150 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான் அதை எதிர்ப்பவள் அல்ல. பிறவாதவரின் பாரத்தை இறக்கும் வழி அது. ஆனால் ஏறவிட்ட நீரைப் பழையபடி இறக்குவது இலகுவல்ல. பிசிபி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏறவிட வேண்டும். ஒவ்வொரு படியும் அளவீட்டின் மேல் நிற்கிறது.

நான் ஓய்வுபெறும் காலம் கிட்டுகிறது. என் இடத்துக்கு வருபவரை இரண்டு ஆண்டுத் திட்ட ஒப்பந்தத்தில் எடுப்பதா, நிரந்தரமாய் எடுப்பதா என்று பேச்சு நடக்கிறது. நிரந்தரமாய்த்தான் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீர் ஏறி நிலைகொள்ள இன்னும் எவ்வளவோ ஆண்டு ஆகும் என்பதையும், அதுவரை அதே இடங்களில், அதே முறையில் மாதிரி எடுக்க வேண்டும் என்பதையும் காரணமாகக் காட்டியிருக்கிறேன். முடிவு அடுத்த பட்ஜெட் கூட்டத்தில்.